இரண்டரைக்கு இடதுபுறம்

எங்கள் ஊர் ரிஷிவந்தியத்துக்குப் பக்கம். புள்ளியியல் என்றால் என்ன படிப்பு என்று அங்கே யாருக்கும் என்னால் விளங்கவைக்க முடிந்ததில்லை. அப்பா குத்தகை நிலத்தில் நெல்லும் உளுந்தும் போட்டவர். கேட்கிறவர்களிடம், "கணக்கு டீச்சருக்குப் படிக்குது" என்று முடித்துக்கொள்வார். கள்ளக்குறிச்சியில் கணிதம், சென்னையில் புள்ளியியல், அப்புறம் முனைவர் பட்டம். அதற்குப் பிறகு பல வருடம் தற்காலிக விரிவுரையாளர் வேலை. அடுத்த வருடம் நம்மைக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் காத்திருந்தேனே, அப்போது பிடித்துக்கொண்டதுதான் இந்த இருப்புக்கொள்ளாமை. ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை நிரந்தரமான பிறகும் அது என்னைவிட்டுப் போகவில்லை. விடைத்தாளை நடந்துகொண்டேதான் திருத்துவேன். ஒரு கட்டுரை அச்சாகி வந்த அன்றே அடுத்ததற்கு என்ன செய்வது என்று கவலைப்பட ஆரம்பித்துவிடுவேன்.

சில வருடங்களுக்கு முன்னால், முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கல்வராயன் மலையிலுள்ள சில துணை சுகாதார நிலையங்களின் பிறப்புப் பதிவேடுகளை அனுமதி வாங்கிப் படியெடுத்து வந்தாள். அவளுடைய ஆய்வேட்டுக்காக. பெயர்கள் கிடையாது. குழந்தையின் எடை, தாயின் வயது, எத்தனையாவது பிரசவம் என்கிற மூன்றும்தான். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படம் வரைந்து என் மேசையில் பரப்பினாள்.

பிறந்த குழந்தைகளின் எடைகளை வரிசைப்படுத்தித் தூண்களாக நிறுத்தினால், நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் மெல்லச் சரிகிற ஒரு குன்று தெரியும். எங்கே வரைந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான் வரும். அவள் கொண்டுவந்த படங்களும் அப்படியே இருந்தன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் இரண்டரை கிலோவின் மேல் ஒற்றைத் தூண் பனைமரம்போல எழும்பி நின்றது. அதற்கு இடதுபுறம் பள்ளம்.

"நான் தப்பா அடிச்சிட்டேனா மேடம்?" என்றாள்.

"இல்ல. இது நீ பண்ணது இல்ல."

மனிதர்களுக்கு முழு எண்ணும் அரை எண்ணும் பிடிக்கும். தராசைப் பார்த்து எழுதுகிற கை, தானாகவே இரண்டரை, மூன்று என்று சாயும். அப்படிச் சாய்ந்தால் இரண்டு பக்கத்துத் தூண்களும் குட்டையாகும். இங்கே வலதுபுறம் யாரும் கைவைக்கவில்லை. இரண்டரைக்குச் சற்று மேலே இருக்கவேண்டியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். சற்றுக் கீழே இருக்கவேண்டியவர்கள்தான் காணோம். இரண்டு கிலோவுக்கும் கீழே போனால் மறுபடி சில குழந்தைகள் இருந்தன. அதாவது, கோட்டுக்குக் கொஞ்சம் கீழே விழுந்த குழந்தைகளை மட்டும் யாரோ தூக்கிக் கோட்டின்மேல் உட்காரவைத்திருக்கிறார்கள். இரண்டரை கிலோவுக்குக் குறைந்தால்தான் எடை குறைந்த குழந்தை என்று கணக்கு.

எனக்கு அப்போது வந்தது கோபமோ கவலையோ அல்ல, சந்தோஷம். அதை மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். துப்புக் கிடைத்த போலீஸ்காரனின் சந்தோஷம். பேராசிரியர் பதவி உயர்வுக்கு எனக்கு இன்னும் ஒரு நல்ல கட்டுரை தேவையாக இருந்தது. அறைக்குள் நான்கு தடவை குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். மாணவி பயந்துபோய் நின்றாள்.

அடுத்த வாரமே கிளம்பினேன். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, வளைவு வளைவாக ஏறி, வெள்ளிமலையில் இறங்கி, அங்கிருந்து ஒரு ஜீப்பில் மற்றவர்களோடு நெருக்கியடித்துக்கொண்டு போனேன். அந்த நிலையம் மலையின் ஒரு ஓரத்தில், தார்ச்சாலை முடிகிற இடத்தில் இருந்தது. இரண்டு அறை. பக்கத்திலேயே செவிலியர் தங்குகிற வீடு. கீழே போகிற பாதை மோசம் என்பதால் பிரசவமும் அங்கேயே பார்த்தார்கள்.

செவிலியருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். களமருதூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கணவரும் மகளும் அங்கே. இவர் மட்டும் மலையில் தங்கி, பதினைந்து நாளுக்கு ஒரு முறை இறங்கிப் போய்வருவார். நான் போனபோது, கர்ப்பிணி ஒருத்திக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். அவளை அனுப்பியதும் நான் யார், எதற்கு வந்தேன் என்று சொல்லி, படத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"இது இன்னா மேடம், இவ்ளோ ஒசரமா ஒன்னு நிக்குது?"

"அதுதான் சிஸ்டர் இரண்டரை கிலோ."

மறுக்கவில்லை. "டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வீட்டுப் பக்கம் போனார். நான் அறைக்குள் நடந்துகொண்டிருந்தேன். இரண்டு டம்ளரோடு வந்தவர், நின்றபடியே சொன்னார்.

"மெஷின் ரெண்டு நானூறுன்னு காட்டும். நான் ரெண்டு ஐநூறுன்னு எழுதுவேன். ஆமாங்க."

"ஏன் சிஸ்டர்?"

"ரெண்டரைக்கு கம்மின்னா கீழ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு சொல்லிட்டாங்க. போனா ஒரு நாளு ரெண்டு நாளுல வுடமாட்டாங்க. பெத்தவளுக்கு வூட்ல ரெண்டு புள்ளைங்க இருக்கும். புருஷன் கேரளாவுக்கு மெளகு பறிக்கப் போயிருப்பான். ஆட்ட மாட்ட யாரு பாக்கறது? நான் வந்த மொத வருஷம் ஒழுங்காத்தான் எழுதினேன், ஒழுங்காத்தான் அனுப்பினேன். இன்னா ஆச்சி தெரியுங்களா? அடுத்த வருஷம் ரெண்டு ஊர்லருந்து ஒருத்தி கூட இங்க வரல. வூட்லயே பெத்துக்கினாங்க. நர்சம்மாகிட்ட போனா கீழ தள்ளி வுட்டுடும்னு பேச்சாயிடுச்சி."

"ரெண்டு கிலோவுக்கும் கீழ இருந்தா?"

"அத வுடமாட்டேன். கால்ல வுழுந்தாவது அனுப்பிடுவேன். அதான் இங்க இருக்குதே" என்று படத்தின் இடது ஓரத்தில் இருந்த சிறு தூண்களைத் தொட்டார். வாழ்க்கையில் அப்படியொரு படத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். என் மாணவர்கள் பலரைவிட வேகமாகப் படித்துவிட்டார்.

டீயைக் குடித்துவிட்டு மறுபடி பேசினார். "இன்னொன்னும் இருக்குங்க, மறைக்கக் கூடாது. எடை கம்மி புள்ளைங்க ஜாஸ்தியானா மீட்டிங்ல எழுப்பி நிக்க வெச்சி கேப்பாங்க. தாய்மாருங்கள நீ ஒழுங்கா பாக்கலன்னு. எத்தினி பேரு முன்னாடி! அதுக்கும் பயந்துதான்."

பிறகு உள்ளே போய் ஒரு நீளமான நோட்டை எடுத்துவந்தார். அட்டைக்குப் பழைய காலண்டர் தாள் சுற்றியிருந்தது. அதில் உண்மையான எடைகள் இருந்தன. தாயின் பெயர், எந்த ஊர், எந்த வீடு, பிறந்தபோது தராசு காட்டியது எவ்வளவு, அதன்பின் அவர் நேரில் போய்ப் பார்த்த ஒவ்வொரு நாளும் எவ்வளவு. கோட்டின்மேல் தூக்கி உட்காரவைத்த குழந்தைகள் எல்லாம் அந்த நோட்டுக்குள் இருந்தார்கள்.

"இதுங்கள வாரத்துக்கு ரெண்டு வாட்டி போயி பாக்கறேன். எடை ஏறுதான்னு தெரியணுமில்ல" என்றார்.

அன்று மத்தியானம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே ஏறி இறங்கி ஒரு வீட்டுக்குப் போனோம். தொங்கு தராசை விட்டத்தில் மாட்டி, துணியில் குழந்தையைத் தூளிபோலக் கட்டித் தொங்கவிட்டார். முள் ஆடி நிற்கும்வரை மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். "பரவால்ல, ஏறுது. மார்மேல போட்டுக்கினுதான படுக்கற?" என்று தாயைக் கேட்டார். அந்தப் பெண் என்னைக் காட்டி, "இவங்க யாரு?" என்றாள். "கணக்கெடுக்க வந்திருக்காங்க." "எண்ணிக்கினேதான் இருக்காங்க" என்று அவள் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

இத்தனை வருட வேலையில் ஒரு குழந்தையை நிறுத்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

திரும்பி வந்ததும், நோட்டைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"பேரு வராதுங்களே?"

"வராது. உங்க பேரும் வராது, ஊர் பேரும் வராது. எழுதித் தரட்டுமா?"

"எழுதியெல்லாம் வேணாம். சொன்னீங்கன்னா போதும்."

ஒரு வெள்ளைத் தாளை நீளவாக்கில் கிழித்து, பெயரும் ஊரும் இருந்த பத்திகளை மூடி, ஒவ்வொரு பக்கமாகக் கைபேசியில் படம் எடுத்தேன். ஒரு பெயர்கூட விழாமல் கவனமாகச் செய்தேன். பஸ்ஸில் மலை இறங்கும்போது அந்தக் கவனத்தை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

அதன் பிறகு மாதாமாதம் என் மாணவி போய், அதேபோல் பெயர்களை மூடி, நோட்டின் புதிய பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பினாள். கட்டுரை வேகமாக வந்தது. ஒரே குழந்தைக்கு எழுதிய எடையும் உண்மை எடையும் பக்கத்தில் பக்கத்தில் கிடைப்பது எங்கள் துறையில் அபூர்வம். செவிலியரின் நியாயத்தையும் எழுதியிருந்தேன். தப்பு அவரிடத்தில் இல்லை, விதியில் இருக்கிறது என்றே முடித்திருந்தேன். ஆய்விதழின் மதிப்பீட்டாளர் ஒருவர், ஆஸ்பத்திரிக்கு உள்ள தூரம் முக்கியம் என்பதால் நிலையங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடம் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்.

வருடம் தவறாமல் நான் நடத்துகிற பாடம் ஒன்று உண்டு. தரவுகளை வெளியிடும்போது பெயரை அழித்தால் மட்டும் போதாது; ஒரு கட்டத்துக்குள் ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்றால் அந்தக் கட்டத்தையே மறைக்கவேண்டும். கரும்பலகையில் கட்டம் போட்டு, ஒற்றை ஆள் இருக்கிற கட்டத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் அடைத்துக் காட்டுவேன். அப்படிப்பட்ட நான்தான் அந்த வரைபடத்தைப் போட்டேன். மலையின் உருவம், அதில் சில புள்ளிகள். மற்றப் புள்ளிகள் எல்லாம் வெளிர் நிறத்தில். ஓரத்தில் தனியாக இருந்த அந்த நிலையத்தின் புள்ளி மட்டும் கறுப்பு. எனக்குத் தெரியாமல் இல்லை. துறை வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஆங்கில ஆய்விதழைக் கள்ளக்குறிச்சியில் யார் படிக்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதவி உயர்வு விண்ணப்பத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அனுப்பிவிட்டேன்.

படிக்கத் தேவையே இல்லாமல் போயிற்று. நானே கொண்டுபோய்க் காட்டினேன். கட்டுரை வந்த சில மாதங்களில், பதிவேடுகளைச் சரியாகப் பராமரிப்பது பற்றிக் கள்ளக்குறிச்சியில் நடந்த ஒரு பயிற்சிக் கூட்டத்துக்கு என்னைப் பேச அழைத்தார்கள். சொந்த மண்ணில் பேசக் கூப்பிட்டார்களே என்று பூரிப்பு. குன்றுகளைக் காட்டினேன், பனைமரத்தைக் காட்டினேன், வரைபடத்தையும் காட்டினேன். முன்வரிசையில் இருந்த அதிகாரி ஒருவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். என் காதில் விழுந்தது. சரியான பெயர்.

நான் அவசரமாக அடுத்த படத்துக்குத் தாவினேன். செவிலியர் ஏன் அப்படி எழுதினார், யார் யாரை வீட்டுக்குப் போய்ப் பார்த்தார் என்பதெல்லாம் கடைசிப் படத்தில் இருந்தது. அதற்கு வருவதற்குள் டீயும் போண்டாவும் வந்துவிட்டன. பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். நான் குரலை உயர்த்தி ஏதோ சொன்னேன். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து என் மாணவி போன் செய்தாள். மீதித் தரவுகளுக்காக மலைக்குப் போயிருந்தாள்.

"மேடம், இங்க வேற சிஸ்டர் இருக்காங்க. பழையவங்களுக்கு மெமோ குடுத்து விசாரிச்சாங்களாம். மாத்திட்டாங்களாம்."

அதே மாதத்தில் எனக்குப் பேராசிரியர் பதவி உயர்வு ஆணை வந்தது. துறையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க முடியவில்லை, கேட்டு வாங்கினார்கள்.

செவிலியருக்குப் பல தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. அந்த அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். கோபமான மனிதரல்ல அவர். நாற்காலி போடச் சொன்னார், நான் உட்காரவில்லை.

"நிர்வாக மாறுதல்தான் மேடம். அவங்க ஊருக்குப் பக்கத்துலயே போட்டிருக்கோம். இதுக்கு எத்தனை பேர் மனு குடுத்துக் காத்திருக்காங்க தெரியுமா? சந்தோஷப்படணும். பதிவேட்டுல பொய் எழுதினவங்கள வேற என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க."

அந்தப் பொய்யைத் தேடிக் கண்டுபிடித்ததே நான்தானே.

உளுந்தூர்பேட்டை வட்டாரத்தில் ஓர் ஊரில் அவர் இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டு, ஒரு புதன்கிழமை போனேன். அங்கன்வாடிக் கட்டடத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அடுத்த குழந்தையின் தொடையைப் பஞ்சால் துடைத்தார். கடைசிக் குழந்தை அழுது ஓயும்வரை வேப்பமரத்தடியில் நின்றேன். எதிரே நடவு முடிந்த வயல்கள். அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூட முடியவில்லை. பத்தடி போவேன், திரும்புவேன்.

எல்லோரும் போனபின் வெளியே வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று நினைவில்லை.

"பேரு போடமாட்டேன்னு சொன்னீங்க. போடல. அதுல தப்பு சொல்லமாட்டேன்" என்றார். கையிலிருந்த ஈரத்தைச் சேலையில் துடைத்தார். "ஆனா அந்த மூலையில நான் ஒருத்திதானங்க இருந்தேன்?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"சரி, அத வுடுங்க. புதுசா வந்திருக்கிற பொண்ணு அந்தப் புள்ளைங்கள போயி பாக்குதா?"

"தெரியல சிஸ்டர். உங்க நோட்டு அங்கதான இருக்கு?"

"எங்க இருக்குது? விசாரணைக்கு வராங்கன்னதும் கிழிச்சி அடுப்புல போட்டுட்டேன். அது கையில இருந்தா இன்னும் வம்புன்னு கூட வேல செய்யறவங்க சொன்னாங்க. எனக்கும் பயந்துபோச்சி." சட்டென்று நிமிர்ந்தார். "உங்ககிட்ட போட்டோ இருக்குதில்ல?"

கைபேசியைத் திறந்து கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். தேதி இருந்தது, எடை இருந்தது. இடது ஓரம் முழுக்க வெள்ளைத் தாள்.

"இன்னா மேடம் இது, பேரே இல்லியே!"

அந்தக் குரலில் முதல் தடவையாகக் கோபம் இருந்தது. தன்னை மாற்றியதற்கு வராத கோபம் அதற்கு வந்தது.

அங்கன்வாடிக்குள் தரையில் உட்கார்ந்தோம். அவர் எண்களை வைத்து ஆட்களைத் தேட ஆரம்பித்தார். "ரெண்டு முந்நூத்தம்பது... ஆடி மாசம். இரு, இரு. அன்னைக்கி மழ. இது பலா மரத்து வூட்டுக்காரி மொவ, ரெண்டாவது புள்ள." நான் எழுதினேன். "ரெண்டே காலு, அதுக்கடுத்த வாரமும் ரெண்டே காலு, ஏறவே இல்ல. இவளா? இவ கடசி ஊரு. புருஷன் திருப்பூருல." எழுதினேன். தாயின் பெயர், ஊர், வீட்டுக்குப் போகிற வழி. என் தொழிலில் பெயர் என்பது முதலில் அழிக்கவேண்டிய பத்தி. அன்று அவர் சொல்லச் சொல்ல, எழுத்துப் பிழை வந்துவிடக்கூடாதே என்று திரும்பத் திரும்பக் கேட்டு எழுதினேன். இரண்டு குழந்தைகள் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. "யாரு இது, யாரு இது" என்று நெற்றியில் தட்டிக்கொண்டார். மாலை பஸ் வரும்வரை தட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மலைக்குப் போனேன். புதிய செவிலியர் சின்னப் பெண். படிப்பு முடித்து வந்த முதல் வேலை. பழையவருக்கு நடந்தது தெரிந்திருந்ததால், தராசு காட்டுவதை அப்படியே எழுதினாள். இரண்டரைக்கு ஒரு நூல் குறைந்தாலும் கீழே அனுப்பினாள். அப்படி அனுப்பிய ஒரு குழந்தைக்கு இதயத்தில் கோளாறு இருப்பதைக் கள்ளக்குறிச்சி டாக்டர் கண்டுபிடித்தார் என்று சொன்னாள். மலையிலேயே வைத்திருந்தால் தெரிந்திருக்காது. நான் அதைக் கேட்டுக்கொண்டேன். அதே மூச்சில், கடைசி ஊரிலிருந்து இரண்டு மாதமாக ஒருத்தியும் பிரசவத்துக்கு வரவில்லை என்றும் சொன்னாள். அதையும் கேட்டுக்கொண்டேன். இரண்டில் எதைத் தூக்கி எதன்மேல் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பட்டியலை வாங்கிப் பார்த்தவள், "இவங்கள்லாம் ரெண்டரைன்னு இல்ல எழுதியிருக்கு, அதான் நான் போகல" என்றாள். குற்றம் சொல்கிற தொனியில் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் சொன்னாள்.

இருவரும் நடந்தோம். பல வீடுகளில் குழந்தைகள் நன்றாக இருந்தன. ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பத்தோடு வேலைக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கடைசி ஊரில், எடை ஏறவே இல்லை என்று அவர் சொன்ன குழந்தை இருந்தது. தூளியிலிருந்து எடுத்தபோதே புதியவளின் முகம் மாறிவிட்டது. நிறுத்துப் பார்த்தாள். உடனே கீழே போகவேண்டும் என்றாள். தாய் மாட்டேன் என்றாள்.

"அந்த நர்சம்மா போவச் சொல்லல. நீ வந்து போவச் சொல்ற. நான் போவல."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். கைபேசிக்கு அங்கே சிக்னல் இல்லை. மேட்டில் ஒரு பாறை இருக்கிறது, அதன்மேல் ஏறினால் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். மூன்று பேரும் குழந்தையோடு ஏறினோம். நான் பழைய செவிலியரை அழைத்தேன். அன்று முதல் மணியிலேயே எடுத்தார். விஷயத்தைச் சொல்லி ஒலிபெருக்கியைப் போட்டேன்.

"இன்னாடி, ஏறலியா புள்ளைக்கு?" பாறைமேல் அந்தக் குரல் கணீரென்று கேட்டது. "பாலு குடிக்கிதா?"

"குடிக்கிது... தூங்கிடுது" என்றாள் தாய், குரல் இறங்கி.

"அப்ப கெளம்பு. ஆட்ட உன் கொழுந்தன் பொண்டாட்டி பாத்துக்குவா, நான் சொன்னேன்னு சொல்லு. அந்தப் பொண்ணு கூடவே போ. அதுவும் நல்ல பொண்ணுதான், நாலு மாசம் போனா பழகிடும். தே, அழாத. கெளம்பு."

அவள் கிளம்பினாள். ஜீப்பில் புதியவள் குழந்தையைத் தன் மார்போடு வைத்துக்கொண்டு வந்தாள். பத்துப் பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, குழந்தை தேறித் திரும்பியது. பட்டியலில் பெயர் கிடைக்காத இரண்டு குழந்தைகளைப் பின்னர் புதியவளே வீடு வீடாகப் போய்த் தேடிப் பிடித்தாள். அதில் ஒன்று உயிரோடு இல்லை. காய்ச்சலில் போயிற்று என்றார்கள். பழைய செவிலியர் அங்கேயே இருந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று என்னை நானே கேட்காத நாள் இல்லை. ஒரே ஒரு குழந்தையை வைத்து அதற்கு விடை சொல்ல என் படிப்பில் வழி கிடையாது.

ஆய்விதழுக்கு எழுதி வரைபடத்தை நீக்கச் சொன்னேன். இணையத்தில் நீக்கினார்கள், ஏன் என்று நான் எழுதிக் கொடுத்த விளக்கத்தையும் போட்டார்கள். அச்சுப் பிரதிகள் அப்படியேதான் இருக்கின்றன. அந்த அதிகாரிக்கு, கூட்டத்தில் நான் காட்டமுடியாமல் போன கடைசிப் படத்தையும் சேர்த்து நீண்ட கடிதம் எழுதினேன். செவிலியருக்கு ஓர் எச்சரிக்கை மட்டும் கொடுத்து விசாரணையை முடித்துவிட்டார்கள். இரண்டரை விதி மாறவில்லை. புதியவளும் பழையவரும் வாரம் ஒரு முறை போனில் பேசிக்கொள்கிறார்கள். யாரை அனுப்புவது, யாரை வீட்டிலேயே பார்ப்பது என்று அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு இருக்கிறது. என்ன ஏற்பாடு என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.

போன வருடம் பழைய செவிலியர் தாமாகவே போன் செய்தார். மகள் பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள், என் துறையின் ஐந்தாண்டுப் படிப்பில் சேர்க்கலாமா என்று கேட்டார். வந்து பார்க்கச் சொன்னேன். ஒரு வியாழக்கிழமை இருவரும் வந்தார்கள். கணினி அறையைக் காட்டினேன், பாடங்களைச் சொன்னேன். அவர் முகம் கழுவப் போயிருந்தபோது அந்தப் பெண் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா பண்ணது தப்பா மேடம்?"

"தப்புதான்மா" என்றேன். "ஆனா அந்தத் தப்புக்கு ஈடா உங்க அம்மா தினமும் மலை ஏறி இறங்கினாங்க. நான் பண்ணது அதைவிடப் பெரிய தப்பு. எனக்குப் பதவி கெடச்சுது."

அதற்குள் அவர் வந்துவிட்டார். மூன்று மணிப் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறரைக்குத்தான் என்று அவசரப்படுத்தினார். பஸ் நிறுத்தம்வரை கூடவே போனேன். வழியெல்லாம் அவர், இந்த வருடம் வயலில் தண்ணீர் நின்று நாற்று அழுகிப்போனதைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்தப் பெண் கடைசியில் வேதியியலில் சேர்ந்தாள். எங்களிடம் இடம் இருந்தது, அவளுக்குத்தான் பிடிக்கவில்லை. அவள் அம்மா போன் செய்து கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார். "பரவாயில்ல சிஸ்டர், அவளுக்குப் பிடிச்சத படிக்கட்டும்" என்றேன்.